பந்திக்குப் பிந்தியவர்

தொண்ணூறுகளின் நடுவில் நான் செய்துவந்த வேலைக்குத் தமிழில் பெயர் கிடையாது. பெரிய கம்பெனிகளின் இயக்குநர்களோடு தனி அறையில் உட்கார்ந்து, அவர்கள் தங்கள் வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று அவர்களையே யோசிக்க வைப்பதுதான் வேலை. ஆர்ச்வே முருகன் கோயிலில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, என்ன உத்தியோகம் என்று விசாரித்தார். சொன்னேன்.

"அவையள் கதைக்க நீங்கள் கேட்டுக்கொண்டு இருக்கிறதோ? அதுக்குச் சம்பளமோ?"

ஆமாம் என்றேன். "லண்டனிலை எல்லாத்துக்கும் வழி இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் விபூதி வாங்கப் போய்விட்டார்.

நான் மலேசியாவின் ஈப்போவிலிருந்து எண்பதுகளில் இங்கே படிக்க வந்தவள். படித்து முடித்து ஒரு கம்பெனியின் ஊழியர் பிரிவில் சேர்ந்தேன். அங்கே மேலதிகாரிகள் கூட்டம் நடத்துகிற அழகைப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கேட்பதையே தொழிலாகக் கொண்டவளுக்கு இது ஆகாத குணம்தான். என்ன செய்வது, கூடவே பிறந்தது.

இந்தத் தொழிலில் யாருடைய பெயரையும் வெளியே சொல்லக்கூடாது. அதனால் இங்கே நான் சொல்லப்போகிறவரை அக்கா என்றே எழுதுகிறேன். கொஞ்ச நாள் பழகியபின் அப்படித்தான் கூப்பிட்டேன். விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஹவுன்ஸ்லோவில், விமானங்களுக்குச் சாப்பாடு செய்து அனுப்பும் ஒரு கம்பெனி. இலங்கையில் கலவரம் வந்தபோது கணவரோடு ஓடிவந்தவர், அங்கே வெங்காயம் வெட்டும் மேசையில் தொடங்கி, ஷிப்ட் ஷிப்டாக மேலே ஏறி, சமையல்கூடம் முழுவதற்கும் இயக்குநராகியிருந்தார். இப்போது நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

என்னை அமர்த்திய சேர்மன் நேராகவே சொன்னார். "வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கூட்டத்தில் எல்லாருக்கும் டீ ஊற்றிக் கொடுக்கிறார், எல்லாரும் பேசி முடிக்கும்வரை வாயைத் திறப்பதில்லை. நிர்வாக இயக்குநர் வசந்தத்தில் ஓய்வு பெறுகிறார். இவர் இப்படியே இருந்தால் அந்த நாற்காலி விற்பனை இயக்குநருக்குத்தான் போகும்."

முதல் சில சந்திப்புகளில் நான் தோற்றேன். அலுவலகத்தில், ஆங்கிலத்தில், நான் என்ன கேட்டாலும் "அது எல்லாரும் சேர்ந்து செய்தது" என்பதுதான் பதில். நான் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. எனக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னார். என் தொழிலில் அப்படிப் போகக்கூடாது. போனேன்.

மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய், சொதி. அவருடைய கணவர், பக்கத்து வீட்டுத் தம்பதி, நான் என்று மேசையில் நான்கு பேர். அக்கா மட்டும் கரண்டியும் கையுமாக நின்றார், உட்காரவே இல்லை. "நீங்களும் உக்காருங்க கா" என்றேன். "நீங்கள் சாப்பிடுங்கோ, நான் பிறகு" என்றார். பக்கத்து வீட்டார் சாப்பிட்டுக் கிளம்பி, கணவரும் சோபாவில் கண் அசந்தபிறகுதான் தனக்கு ஒரு தட்டு எடுத்தார். என் வாய் சும்மா இருக்குமா?

"கூட்டத்துலயும் இதேதான் செய்றீங்க. எல்லாருக்கும் டீ ஊத்திக் கொடுத்துட்டு, எல்லாரும் பேசி முடிச்சப்புறம் மிச்சம் மீதியைப் பேசுறீங்க. பந்திக்கு முந்துன்னு நம்ம ஆளுங்கதானே சொல்லி வச்சாங்க?"

அவர் சிரித்தார். "அது சாப்பிட வாறவைக்குச் சொன்னது, பிள்ளை. பரிமாறுறவளுக்கு இல்லை."

"இருக்கிறது ஒரு நாற்காலிதான் கா. உங்களுக்கு அது வேணுமா, வேணாமா?"

பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "வேணும். வெக்கத்தை விட்டுச் சொல்லுறன். அந்தக் கிச்சினை என்னைவிட நல்லாப் பார்க்க அங்கை ஒருத்தரும் இல்லை. எனக்கு அது வேணும்."

அவர் வாயிலிருந்து வந்த முதல் 'என்னை', முதல் 'எனக்கு'. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனி விடக்கூடாது என்று முடிவு செய்தேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் பயிற்சி. இரண்டே கட்டளைகள் போட்டேன். கூட்டத்தில் முதல் ஆளாகப் பேச வேண்டும், டீபாட்டைக் கையால் தொடக்கூடாது. நான் விற்பனை இயக்குநராக நடித்துக் குறுக்கே குறுக்கே பாய்வேன். அவர் பொறுமையாகப் பதில் சொல்லிப் பழகினார். "ஓம், விளங்குது" என்றார். நானும் நம்பினேன்.

வசந்தத்துக்கு முந்தைய பெரிய கூட்டத்தில் சுவரோரமாக உட்கார்ந்து பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. சமையல்கூடத்தை ஹவுன்ஸ்லோவை விட்டு, வாடகை குறைந்த தூரத்து இடத்துக்கு மாற்றுவதா என்பது அன்றைய கேள்வி. அக்காவுக்கு அதில் சம்மதமில்லை என்று எனக்குத் தெரியும். கூட்டம் தொடங்கியது. அக்கா எழுந்தார். அப்பாடா என்று நினைத்தேன். எழுந்தவர் நேராகப் போய் டீபாட்டை எடுத்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. விற்பனை இயக்குநர் முழங்கினார். நிதி இயக்குநர் ஒத்து ஊதினார். அக்கா ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று, பால் போதுமா என்று கேட்டு ஊற்றிக்கொண்டிருந்தார். பிறகு உட்கார்ந்து பேசாமல் கேட்டார். சேர்மன் கடிகாரத்தைப் பார்த்து, அப்படியானால் முடிவுக்கு வரலாமா என்றார்.

"இன்னும் இல்லை, நான் பேசவில்லை" என்றார் அக்கா.

குரல் உயரவே இல்லை. விற்பனை இயக்குநரைப் பார்த்து, "உங்கள் பயம் வாடகை அல்ல, நம் பெரிய வாடிக்கையாளரான விமானக் கம்பெனி நம்மை விட்டுப் போய்விடும் என்பது" என்றார். அவர் ஒப்புக்கொண்டார். "அவர்கள் கோபப்படுவது சாப்பாடு பிந்தி வருவதற்காக. இன்னும் தூரம் போனால் இன்னும் பிந்தும்." அடுத்து நிதி இயக்குநர். "வாடகையில் மிச்சம் பிடிப்பதை லாரிக்குக் கொடுக்கப்போகிறோம். அந்தக் கணக்கை நீங்கள் இன்னும் போடவில்லை என்று சற்றுமுன் நீங்களே சொன்னீர்கள்." கடைசியாக, அதுவரை வாயே திறக்காத ஊழியர் பிரிவுத் தலைவரிடம் திரும்பினார். "நீங்கள் எதையோ சொல்ல வந்து இரண்டு தடவை விழுங்கிவிட்டீர்கள்." அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். பாதிப் பேர் வேலைக்கு நடந்தும் முதல் பஸ்ஸிலும் வருகிறவர்கள், அங்கே வரமாட்டார்கள் என்றார்.

எல்லாரும் தங்களிடம் இருந்ததையெல்லாம் ஏற்கனவே கொட்டிவிட்டார்கள். எதிர்த்துச் சொல்ல யாரிடமும் ஒன்றும் மிச்சமில்லை. சமையல்கூடம் ஹவுன்ஸ்லோவிலேயே இருந்தது.

வெளியே சேர்மன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அவருக்குப் பேசக் கற்றுக்கொடுத்துவிட்டீர்கள்!"

"நான் சொன்னதில் ஒன்றைக்கூட அவர் செய்யவில்லை" என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துச் சிரித்தார்.

படியிறங்கும்போது அக்காவைப் பிடித்தேன். "டீபாட்டைத் தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்!"

"கோவிக்காதையும், பிள்ளை. நீர் சொன்ன மாதிரியும் நினைச்சுப் பாத்தன். ஆனா எல்லாருக்கும் போட்டுக் குடுத்தவளுக்குத்தானே தெரியும், சட்டியிலை என்ன மிச்சம் எண்டு."

எத்தனையோ இயக்குநர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். அவர் அளவுக்கு ஆட்களைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

வசந்தத்தில் அந்த நாற்காலி அவருக்கே கிடைத்தது. மறு ஞாயிறு வீட்டில் விருந்து. அதே மேசை, அதே ஆட்கள், புது நிர்வாக இயக்குநரான அக்கா அதே கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துபோய்க் கரண்டியைப் பறித்தேன். "இன்னைக்கு நான் போடுறேன். உக்காருங்க."

உட்கார்ந்தார். கணவர் கை நனைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுற்றிச் சுற்றிப் பரிமாறினேன். எல்லாரும் எழுந்தபின் எனக்கென்று தட்டை எடுத்தால், சட்டியில் வெறும் குழம்புதான் இருந்தது. மீன் ஒரு துண்டுகூட இல்லை.

"அடுப்புக்குப் பக்கத்திலை மூடி வச்ச சட்டியைப் பாரும்" என்றார் அக்கா.

திறந்தேன். நடுத்துண்டாகப் பார்த்து இரண்டு மீன் துண்டு எடுத்து வைத்திருந்தார்.

"நீர் இண்டைக்குக் கரண்டியைப் பறிப்பீர் எண்டு எனக்குத் தெரியும்" என்றார்.