முடி வைத்த பூக்கள்

நேற்று திருப்பதி ஓட்டல் ஒன்றில் சாம்பாருக்குள் கரண்டியை விட்டால் ஒரு முடி வந்தது. ஒன்றுதான். ஆனால் நீளமென்றால் அப்படியொரு நீளம். கொத்தமல்லியையும் பாதி வெங்காயத்தையும் கூட்டிக்கொண்டு ஏறி வந்தது. சர்வர் அதை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு, "இப்ப துன்னுங்க சார்" என்றான். குமட்டிக்கொண்டு எழுந்தேன். உங்களுக்கும் குமட்டுகிறதென்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இனி வருவது இதைவிட மோசம்.

ஆந்திரா தனி மாநிலமாகியிருந்த சமயம். எந்த ஊர் எந்தப் பக்கமென்று டீக்கடைக்கு டீக்கடை எல்லையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். திருப்பதி பக்கத்துப் பாகாலாவில் நான் நூலை இழுத்துக்கொண்டிருந்தேன். குரோஷா பின்னல்தான், சிரிக்காதீர்கள். கல்யாணமான புதிதில் மனைவி விளையாட்டாகக் கொக்கி ஊசியைக் கையில் கொடுத்துவிட்டாள். தம்ளரை மூடுகிற வட்டம் ஒன்றுதான் எனக்கு வரும். அதையும் அவள் அப்பளம் என்பாள்.

அவள் தங்கைக்குத் திருப்பதியில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் சம்பந்தம் கூடியது. மாப்பிள்ளையும் பெண்ணும் முகம் பார்க்காதபடி மணையில் நடுவே திரை பிடிப்பது அவர்கள் வழக்கம். "திரை ஓரம் முச்சூடும் நான் ரோஜாப்பூ பின்னித் தரேன்" என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தவளுக்கு, நூல் வாங்கிய கையோடு நகச்சுத்தி. விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு, பழச்சாறும் சீழும் கலந்து வழிய, அந்த விரலையே என் பக்கம் நீட்டினாள்.

"நீங்கதான் பின்னணும். இல்லாங்காட்டி அந்தம்மா முன்னாடி என் தங்கச்சி தலை குனிஞ்சி நிக்கும்."

அப்பளக்காரனிடம் ரோஜாவா? கொல்லைக்கு ஓடினேன். திரும்பி வந்து இன்னொரு தடவை ஓடினேன்.

அவள் பின்னல் படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடத்தில். வீட்டில் தமிழ் பேசுவாள். ஊசியைப் பார்த்தால் தெலுங்கு வந்துவிடும். இதழ் பின்னும் விதத்தை வாயால் சொல்லிக்கொடுத்துவிட்டு, "இதழ் நுனிக்கு நுனி முடி வெய்யிங்க" என்றாள்.

"முடியா?"

"முடிதான். நல்லா இழுத்து வெய்யிங்க. உசிரு போவுது எனக்கு, சும்மா கேட்டுக்கினு இருக்காதீங்க!"

கல்யாணத் திரையாயிற்றே, கண்ணேறு படாமலிருக்க ஏதோ செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தலை சீவுகையில் உதிர்வதைச் சவுரி கட்டுவதற்காகச் சுருட்டிச் சுவர்ப் பொந்தில் செருகி வைத்திருந்தாள். எண்ணெய்ச் சிக்கு, பொடுகு, ஈர் எல்லாம் சேர்ந்த உருண்டை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக உருவி, இதழுக்கு ஒன்றாக வைத்துப் பின்னினேன். அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவள் பூவைக் கையில் எடுத்தாள். "இன்னாங்க இது, கம்பளிப்பூச்சி மாதிரி?"

"நீதானே முடி வெய்னு சொன்ன!"

தெலுங்கில் முடி என்றால் முடிச்சாம். நுனியில் சின்னதாக ஒரு முடிச்சு, அவ்வளவுதான். பழத்தோடு கையை உதறி உதறிச் சிரித்தாள். என் சட்டையெல்லாம் தெறித்தது.

முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒவ்வொரு முடியாகப் பிடுங்கினேன். பிடுங்கப் பிடுங்கப் பூவும் அவிழ்ந்துவிடும் என்றிருந்தேன். அவிழவில்லை. முடியெல்லாம் போனபிறகும் இதழ் மடங்காமல் நின்றது. எனக்கே நம்பிக்கை வராமல் இழுத்துப் பார்த்தேன். நின்றது! அப்புறம் யாரைக் கேட்டேன்? ஓரம் முழுக்க நானே பின்னினேன், முடிச்சோடு.

"மொதல்ல போட்டதெல்லாம் திருப்பதிக்குப் போயி மொட்டை போட்டுக்கினு வந்த பூவு" என்றாள்.

கல்யாணத்தில் திரையின் ஒரு முனை என் கையில். மொட்டைப் பூக்களை முஷ்டிக்குள் மறைத்துக்கொண்டு வியர்த்து நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா ஓரத்தைத் தடவிக்கொண்டே வந்தார். "எவரு சேசினாரு?"

"எங்க ஊட்டுக்காரரு" என்றாள் மனைவி.

"மகவாடா?" ஆம்பிளையா என்று என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, இன்னொரு தடவை தடவினார். மைத்துனி தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

சில வருஷம் கழித்து அவள் வீட்டுக்குப் போனபோது, அந்தத் திரையில் கிழித்த துண்டு ஒன்று பால் வடிகட்டப் பாத்திரத்தின் வாயில் கட்டியிருந்தது. பழுப்பேறி, புளித்த வாடையோடு, ரோஜாவுக்கு ஒரு ஈ. அந்தக் காபியை நான் தொடவில்லை. அதற்கடுத்துப் போனபோது அங்கே பிளாஸ்டிக் வடிகட்டி தொங்கியது.

"அது எங்கேம்மா?"

"இத்துப் பூட்ச்சி மாமா. தூக்கிக் குப்பையில போட்டுட்டேன்."

கை கழுவுகிற சாக்கில் கொல்லைப்பக்கம் போய், மூக்கைப் பொத்திக்கொண்டு, குப்பைமேட்டை ஒரு குச்சியால் கொஞ்சநேரம் கிளறிக்கொண்டிருந்தேன்.