மயில் விரட்டும் படம்

கல்லூரி மூன்றாம் ஆண்டில் எங்களைச் சிறிய ஆவணப்படம் ஒன்று எடுக்கச் சொன்னார்கள். குழுவுக்கு மூன்று பேர். பேராசிரியர் முதல் நாளே எச்சரித்துவிட்டார். "மல்லிகைப்பூ, ஜிகர்தண்டா, ஜல்லிக்கட்டு, கோயில் கோபுரம். இதுல எதையாவது எடுத்துட்டு வந்தீங்க, பார்க்காமலே முட்டை போட்டுருவேன்."

மதுரையில் இவற்றைக் கழித்தால் மிச்சம் என்ன இருக்கிறது? கேன்டீனில் பரோட்டாவைப் பிய்த்தபடி யோசித்தோம். எங்கள் குழுவில் மேலூர்க்காரனிடம் கேமரா இருந்தது. ஆகவே தானே இயக்குநர் என்று அவனே முடிவு செய்திருந்தான். எழுமலைக்காரனிடம் பைக் இருந்தது. என்னிடம் எதுவும் இல்லாததால் எனக்கு 'ஆராய்ச்சி' என்ற பொறுப்பைக் கொடுத்தார்கள்.

"உங்க ஊரு கிரானைட் குவாரிய எடுப்போமா?" என்று மேலூர்க்காரனிடம் கேட்டேன்.

"அந்தப் பக்கம் போனா எங்கம்மா காலை ஒடிச்சிரும்."

எங்கள் வில்லாபுரம் தெருவில் ஒரே வீட்டு வாசலில் இரண்டு வேகத்தடை இருப்பதைச் சொன்னேன்.

"படம் முழுக்க வண்டி குதிக்கிறதையே காட்டுவியா?" என்றான் இயக்குநர்.

அப்போதுதான் எழுமலைக்காரன் வாயைத் திறந்தான். "எங்க பெரியப்பா மயில் வெரட்டுவாரு மாப்ள. கடலைக்காட்டுல மயில் எறங்குச்சுன்னா, அவரு போடுற சத்தம் ஊருக்கே கேக்கும்."

இயக்குநர் கண்ணை மூடினான். "மனிதனும் மயிலும்" என்றான். தலைப்பே கிடைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஒரே பைக்கில் எழுமலைக்குப் போனோம். பெரியப்பா வரப்பில் தயாராக நின்றார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, புதுத்துண்டு. மீசைக்குப் பூசிய சாயம் உதட்டிலும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. கேமராவைப் பார்த்துக் கும்பிட்டு, "மதிப்பிற்குரிய மாணவச் செல்வங்களே" என்று ஆரம்பித்தார்.

அதற்குள் ஒரு கூட்டம் மயில் வந்து இறங்கிக் கடலையைக் கிளறத் தொடங்கியது.

"பெரியப்பா, வெரட்டுங்க!"

அவர் நிதானமாகக் கையை உயர்த்தினார். "மயில்களே, தயவுசெய்து அப்பால் செல்லுங்கள்."

ஒரு மயில் மட்டும் தலையைத் தூக்கி அவரைப் பார்த்துவிட்டு, மறுபடி கிளறியது.

"எப்பவும் போல வெரட்டுங்க பெரியப்பா!"

"டேய், நாலு பேரு பாக்குற படத்துல என்னைக் கெட்ட வார்த்தை பேசச் சொல்றியா?"

மாட்டுக்கொட்டகைப் பக்கமிருந்து பெரியம்மா விளக்குமாறோடு வந்தார். "நாசமாப் போற மூதேவிகளா! வெதச்சது நானு, கொத்துறது நீயா? தோகையைப் புடிச்சு ஒரு சுத்துச் சுத்துனேன்னா ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அங்கிட்டுப் போயி விழுவ!" கூடவே அச்சில் ஏற்ற முடியாத வேறு சிலவும். மயில்கள் அலறிக்கொண்டு பறந்தன. பெரியப்பாவும் இரண்டடி பின்வாங்கினார். அடுத்த திட்டு அவருக்குத்தான்.

"வெள்ளச்சட்டையப் போட்டுக்கிட்டு மயிலுக்கு வரவேற்பா குடுக்குறீக?"

"மாப்ள," என்று இயக்குநர் என் காதில் கிசுகிசுத்தான், "நம்ம ஆளு பெரியப்பா இல்லடா."

விஷயத்தைச் சொன்னதும் பெரியம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். என் கையிலிருந்த, முடி போர்த்திய மைக்கைக் காட்டி, "அது என்ன, செத்த கீரியா?" என்றார். மைக் என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. "செரி, இருங்க. சேலை மாத்திக்கிட்டு வாரேன்."

"வேணாம் பெரியம்மா!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினோம்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "இம்புட்டு அலங்காரம் பண்ணிட்டு நிக்கிறாரு, அவரையும் எடுங்க." ஆகவே, எல்லாக் காட்சியிலும் ஓரத்தில் ஒரு வெள்ளைச் சட்டை நிற்கிறது.

படத்தைப் பார்த்த பேராசிரியர், "பேச்சை விட பீப் சத்தம்தாம்பா அதிகமா இருக்கு" என்றார். ஆனால் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். நல்ல மதிப்பெண்ணும் போட்டார்.

அடுத்த வாரம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எழுமலைக்குப் போய் அவர்களுக்குப் போட்டுக் காட்டினோம்.

"நான் பேசுனது எங்கடா?" என்று பெரியப்பா கடைசிவரை தேடினார்.

பெரியம்மா கன்னத்தில் கை வைத்தபடி முழுப் படத்தையும் பார்த்தார். முடிந்ததும், "இம்புட்டுப் பக்கத்துல வச்சுப் பாத்தா மயிலு அழகாத்தாண்டா இருக்கு" என்றார்.