ஓரிரு இடங்களில்

உடுமலைப் பேருந்தில் பக்கத்தில் இருந்த பெண்ணின் சேலையெங்கும் பனியன் கம்பெனிப் பஞ்சு. வானொலியில் வானிலை அறிக்கை வந்ததும் விரலை உயர்த்தி என் பேச்சை நிறுத்தினார். "ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்" என்றது அது.

"அன்னைக்கும் இதேதானுங்க சொன்னாங்க. எங்கூட்டுக்காரரு வண்டியெடுத்துட்டுப் போனாரு. ஓடைப் பள்ளத்துல வந்த வெள்ளம் இழுத்துட்டுப் போயிருச்சுங்க."

"சரியா எச்சரிக்காத வானிலை விஞ்ஞானிங்க மேல கேஸ் போடோணுமுங்க" என்றேன் கோபமாக.

"எங்கள வந்து பாத்த வக்கீலும் அதத்தானுங்க சொல்றாரு. அவங்கள ஜெயில்ல போட்டு எனக்கென்னங்க? அந்த ஓரிடம் எங்கூருப் பள்ளம்னு சொல்லியிருந்தா, வண்டிச் சாவிய ஒளிச்சு வச்சிருப்பேனுங்க."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார்.

நான் தனியாக வசிப்பவன். 'ஓரிரு இடங்களில்' என்ற அந்த இரண்டு சொற்களை எப்போது கேட்டாலும், என் வண்டிச் சாவியை ஒளித்து வைக்க ஓர் ஆள் இல்லையே என்று இருக்கிறது.