பிரியாணி மாஸ்டர் உடையப்பனின் மூக்கு விவகாரம்

உடையப்பன் பிரியாணி ஆக்குவதைப் பார்க்க வருகிறவர்கள் அவருடைய கையைப் பார்ப்பதில்லை, மூக்கைத்தான் பார்ப்பார்கள். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது ரிஃபாத் பாயின் கடை. பகல் பந்திக்குச் சற்று முன்னால், தேக்சா அண்டாவின் மூடி மேல் தணலை அள்ளிப் போட்டுவிட்டு, உடையப்பன் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, முகத்தைக் கூரைப் பக்கம் உயர்த்தி நிற்பார். அந்த நேரத்தில் கடையில் யாரும் பேசக் கூடாது. பரோட்டா போடுகிறவர்கூட மாவைக் கல்லில் அடிப்பதை நிறுத்திவிடுவார். கடைசியில் நாசி இரண்டும் விரிய ஒரு மூச்சை இழுத்து, "எறக்குங்கப்பா" என்பார் உடையப்பன். மூடியைத் திறந்தால் சீரகச் சம்பா ஒன்றோடொன்று ஒட்டாமல் நிமிர்ந்து நிற்கும்.

ரிஃபாத் பாய் ஒரு காலத்தில் கடைப் பலகையில் 'மூக்கால் பக்குவம் பார்த்த பிரியாணி' என்று எழுதிப் போட நினைத்தார். படிக்கிறவர்கள் வேறு என்னென்ன நினைத்துக்கொள்வார்களோ என்று விட்டுவிட்டார். நல்ல முடிவு.

விவகாரம் மூக்கில் தொடங்கவில்லை, உப்பில் தொடங்கியது.

உடையப்பன் உப்பைக் கரண்டியால் அளக்கிறவர் அல்ல. ஒரு தேக்சாவுக்கு ஒரு கை. கை என்றால் விரல் மடக்கி அள்ளிய கை. வழியவும் கூடாது, குறையவும் கூடாது. கரண்டி வைத்து உப்புப் போடுகிறவன் ஆஸ்பத்திரிச் சமையல்காரன் என்பது அவர் கருத்து. அந்தக் கைக்குத்தான் நாலைந்து வருஷமாக ஏதோ ஆகியிருந்தது. சாப்பிடுகிறவர்கள் தண்ணீர்ச் செம்பை அடிக்கடி தேட ஆரம்பித்தார்கள். ரிஃபாத் பாய் முதலில் உப்பு மூட்டையைச் சந்தேகப்பட்டு வேறு மூட்டை வாங்கினார். பிறகு ஆழ்துளைக் கிணற்றைச் சந்தேகப்பட்டு, உலை வைக்க லாரித் தண்ணீருக்கு மாறினார். பிறகு வாடிக்கையாளர்களின் நாக்கைச் சந்தேகப்பட்டார். உடையப்பனை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. கை மாறவில்லையே, அதே கை, அதே ஒரு கை உப்பு.

அந்தக் கை வளர்ந்துகொண்டிருந்தது என்று எவருக்கும் தோன்றவில்லை. கல்யாண மோதிரம் விரலில் இறுகியபோது ஆசாரியிடம் வெட்டி எடுத்தார்கள். கறி தின்று உடம்பு பூரிக்கிறது என்று மாமனார் வீட்டில் பெருமைப்பட்டார்கள். செருப்புக் கடைக்காரர் உள்ளே போய் நெடுநேரம் தேடிவிட்டு, இந்த அளவு வேண்டுமென்றால் சொல்லித்தான் வைக்க வேண்டும் என்றார். தாடை முன்னுக்கு வந்தது, பல்லுக்கு இடையில் சந்து விட்டது, மூக்கு அகன்றது. மூக்கு அகன்றதில் கடைக்கு லாபம்தான் என்று நினைத்தார்கள். தலைவலியை அடுப்பு வெக்கை என்றார்கள். குறட்டையை உடையப்பனின் மனைவி பாண்டிச்செல்வி தன் தலையெழுத்து என்றாள். அவளும் அதே கடையில்தான் வேலை, அடுப்புக்கு வலப்பக்கம் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து வெங்காயமும் பூண்டும் உரிப்பாள். நிலக்கோட்டைப் பூக்காட்டில் பிறந்தவள், பேச்சு குறைவு.

ஒரு நாள் கடைக்கு ஒரு டாக்டரம்மா சாப்பிட வந்தார். பெயர் தமிழ்மதி. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி செய்கிறவர் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. இலை போட்டுப் பிரியாணி வைத்தாயிற்று, அவர் சாப்பிடவில்லை. தேக்சாவுக்குள் அகப்பையை விட்டுக்கொண்டிருந்த உடையப்பனின் கையையே பார்த்தார். அப்புறம் அவர் முகத்தை. அப்புறம் கல்லாவுக்கு மேல் மாட்டியிருந்த படத்தை. கடை திறந்த நாளில் எடுத்தது அது. முதல் தேக்சாவுக்குப் பக்கத்தில் ஒல்லியாக ஒரு உடையப்பன் நிற்பார். படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்.

உடையப்பன் அகப்பையை நிறுத்தினார். உப்பைப் பற்றித்தான் கேட்கப்போகிறார், சுகாதார அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்.

"இந்தப் படத்துல இருக்கிறது உங்க தம்பியா?" என்று கேட்டார் தமிழ்மதி.

"நாந்தேன் தாயி."

கடையில் இருந்த எல்லோரும் படத்தை நிமிர்ந்து பார்த்தார்கள். தினமும் அதன் கீழே நின்று காசு கொடுத்தவர்கள்தான். அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

தான் டாக்டர் என்று சொல்லிவிட்டு அவர் விளக்கினார். பிட்யூட்டரி என்று மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதில் ஒரு கட்டி வந்து உட்கார்ந்துகொண்டு, வளர்த்திக்கான சுரப்பை நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருக்கிறது. நோயின் பெயர் அக்ரோமெகாலி. வளர வேண்டிய வயதில் வந்தால் ஆள் உயரமாவான். வளர்ந்து முடிந்த பிறகு வந்தால் கை, கால், முகம் என்று ஓரங்களில் பெருப்பான். மெதுவாக வருவதால், கூட இருக்கிறவர்களுக்குக் கண்ணில் படாமலே பல வருஷம் ஓடிவிடும். நோயைக் கண்டுபிடிக்க ஏன் இத்தனை தாமதம் என்பதுதான் தமிழ்மதியின் ஆராய்ச்சி. அதற்கு நேரடிச் சாட்சியாக ஒரு கடை முழுக்க ஆட்கள் வாயைப் பிளந்து நின்றார்கள்.

மதுரையில் ரத்தம் எடுத்தார்கள், சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள், குழாய் மாதிரி ஒரு இயந்திரத்துக்குள் படுக்க வைத்துத் தலையைப் படம் எடுத்தார்கள். கண்ணையும் சோதித்தார்கள். கட்டி இருப்பது உறுதி. கட்டி கெட்ட வகை அல்ல, ஆனால் வளர்ந்து கண் நரம்பை அழுத்துகிறது. இரண்டு ஓரத்துப் பார்வையும் குறைந்துவருகிறது. விட்டுவைத்தால் கண்ணும் போகும், இதயமும் கெடும். எடுத்துவிடலாம்.

"மண்டையத் தொறந்தா?" என்று கேட்டார் உடையப்பன்.

மண்டையைத் திறக்க வேண்டாம், மூக்கு வழியாகவே போய் எடுத்துவிடலாம் என்று தமிழ்மதி ஆறுதலாகச் சொன்னார். வேறு யாராக இருந்தாலும் இதைக் கேட்டு மனம் தெளிந்திருப்பார்கள். உடையப்பன் மூக்கைப் பொத்திக்கொண்டார். மண்டையைத் திறந்தால்கூடப் பரவாயில்லை. மண்டையை வைத்து அவர் ஒன்றும் சம்பாதிக்கவில்லையே.

மூக்கு வழியாகப் போனால் மோப்பம் போய்விடுமா என்று கேட்டார். சில பேருக்குக் கொஞ்ச காலம் குறையும், பலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராமலும் போகலாம் என்றார் டாக்டர். அதையும்தான் எங்கள் குழு ஆராய்கிறது, அறுவைக்கு முன்னும் பின்னும் மோப்பத்தைச் சோதிக்கிறோம், நீங்களும் சேர்ந்துகொள்ளலாம் என்றார்.

உடையப்பன் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு ஊர் திரும்பினார். யோசித்தார். மாதக்கணக்கில் யோசித்தார். மூக்கில்லாத மாஸ்டருக்கு ஊரில் என்ன பெயர் வைப்பார்கள் என்று யோசித்தார். ரிஃபாத் பாய் வேறு மாஸ்டரை வைத்தால் தான் எந்தக் கடையில் போய் எச்சில் இலை எடுப்பது என்று யோசித்தார். ஒரு தேக்சா குழைந்தது. இன்னொன்று சற்று முந்தி இறங்கி விதை விதையாக இருந்தது. கவலையில் மூக்கு தடுமாறுகிறது என்று சொல்லிக்கொண்டார்.

உப்பு விஷயத்தைப் பாண்டிச்செல்வி தீர்த்தாள். அள்ளிய கையை இரண்டு உதறு உதறிவிட்டுப் போடச் சொன்னாள். உப்பு சரியாயிற்று. ரிஃபாத் பாய் லாரித் தண்ணீரை நிறுத்தினார்.

கடைசியில், ஒரு பக்கம் சைக்கிள் வருவது தெரியாமல் ரோட்டில் விழுந்து முழங்கை பெயர்ந்த பிறகு, மோப்பச் சோதனைக்கு மட்டும் வருவதாக உடையப்பன் ஒப்புக்கொண்டார். சோதனையில் தன் மூக்கின் மகிமையைப் பார்த்துவிட்டு, இப்படிப்பட்ட மூக்கில் கை வைக்கக் கூடாது என்று டாக்டர்களே பின்வாங்குவார்கள் என்பது அவருடைய உள் திட்டம்.

சின்னச் சின்னச் சீசாக்கள். மூடியைத் திறந்து மூக்குக்குக் கீழே நீட்டுவார்கள். என்ன வாசம் என்று சொல்ல வேண்டும். முதல் சீசாவை உடையப்பன் கண்ணை மூடி, முகத்தை உயர்த்தி, கடையில் நிற்கிற அதே தோரணையில் முகர்ந்தார். ஒன்றும் வரவில்லை. சீசாவில் ஒன்றும் இல்லை, ஏமாற்றுச் சீசா என்றார். தமிழ்மதி எழுதிக்கொண்டார். இரண்டாவதற்குச் சோப்பு என்றார். மூன்றாவதற்கு மருந்து என்றார். ஆஸ்பத்திரியில் எதற்கும் பொருந்தும் பதில் அது. நாலாவது சீசா வந்தபோது அவர் நெற்றி வேர்த்துவிட்டது.

கதவோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாண்டிச்செல்வி தன்னையறியாமல், "கிராம்பு" என்றாள்.

அவளைச் செத்த நேரம் வெளியே இருக்கச் சொன்னார்கள்.

கிராம்பு. நாள் தவறாமல் கையில் அள்ளுகிற கிராம்பு. உடையப்பன் சீசாவை வாங்கி மூக்குக்குள்ளேயே நுழைத்துப் பார்த்தார். எங்கோ சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கிராம்பு என்று நினைப்பதுபோல ஒரு சிறு உறுத்தல், அவ்வளவுதான். இந்த நோயில் மூக்கின் உள்சதையும் தடித்துவிடும், மோப்பம் குறைந்து சில வருஷம் ஆகியிருக்கலாம் என்று தமிழ்மதி மெதுவாகச் சொன்னார். கத்தி வைத்தால் போய்விடும் என்று அவர் நடுங்கிய பொருள், சொல்லிக்கொள்ளாமல் ஏற்கெனவே போயிருந்தது.

திண்டுக்கல் பேருந்து வாடிப்பட்டியைத் தாண்டியது. உடையப்பன் பக்கத்து சீட்டுக்காரருக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"அப்ப இம்புட்டு நாளா நான் என்னத்தடி மோந்தேன்?"

"எங்க மோந்தீங்க. என்னையத்தான பாத்தீங்க."

"நான் கண்ண மூடிட்டுல்ல நிப்பேன்."

"முக்கால்வாசி மூடுவீங்க. நான் எந்திரிச்சு மடியில கெடக்குற வெங்காயத் தோல உதறுவேன். ஒடனே மூச்ச இழுப்பீங்க."

அவர் யோசித்துப் பார்த்தார். தம் சரியாக வந்த வாசம் தட்டியதும் அவளால் உட்கார முடியாது, எழுந்துவிடுவாள். அது அவர் கடைக்கண்ணில் பட்டிருக்கிறது. மூக்குக்கு வந்த சேதி என்று அவர் நம்பியதெல்லாம் வலது கண்ணின் ஓரத்தில் வந்த சேதி. அந்த ஓரந்தான் இப்போது இருண்டுகொண்டு வருகிறது. குழைந்த தேக்சாவும் வேகாத தேக்சாவும் ஏன் அப்படி ஆயின என்று விளங்கியது. மனைவி எழுந்ததே அவருக்குத் தெரியவில்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா நீங்க நிக்கிற நெலைக்கு நல்லாவா இருக்கும்" என்றாள் பாண்டிச்செல்வி. "கண்ணையாவது காப்பாத்திக்கங்க. நான் எந்திரிக்கிறது தெரியணும்ல."

அறுவைக்குச் சம்மதித்தார். மூக்கு வழியாகப் போனார்கள், கட்டியை எடுத்தார்கள், மூக்கில் பஞ்சை அடைத்து அனுப்பினார்கள். ஓரத்துப் பார்வை மெல்லத் திரும்பியது. ரத்தத்தில் சுரப்பின் அளவும் இறங்கியது. மோப்பம் மட்டும் வரவில்லை. தமிழ்மதி சீசாக்களை நீட்டினார்; உடையப்பன் இந்தத் தடவை நேர்மையாக, ஒன்றுமில்லை என்றார். பொறுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். வீட்டில் அவர் சோப்புக்கட்டியை முகர்ந்தார், மண்ணெண்ணெய் கேனை முகர்ந்தார், பாண்டிச்செல்வியின் தலைப் பூவை முகர்ந்தார். மூன்றும் ஒரே காற்றாக இருந்தன. உள்சதை வற்றியிருந்தால் வந்திருக்க வேண்டுமே. கத்தி எதையாவது சேர்த்து வெட்டிவிட்டதோ என்று ராத்திரி பகலாக மருகினார்.

மறுபடி தேக்சா வைத்த நாளில் கடை நிரம்பி வழிந்தது. மூக்கில் கத்தி வைத்த மாஸ்டருக்கு மோப்பம் இருக்கிறதா என்று பார்க்க, பிரியாணி சாப்பிடாத சைவப் பிள்ளைகள்கூட வந்து டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். உடையப்பன் உப்பை அள்ளினார், பழக்கப்படி இரண்டு உதறு உதறிப் போட்டார். தம் கட்டினார். தணலை அள்ளிப் போட்டார். துண்டை இறுக்கி, கண்ணை முக்கால்வாசி மூடி, முகத்தை உயர்த்தினார். பரோட்டாக்காரர் கையை நிறுத்தினார்.

வலப்பக்கம் பாண்டிச்செல்வி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நன்றாகவே தெரிந்தாள். பார்வை பளிச்சென்று இருந்தது. அவள் எழவில்லை.

நேரம் போயிற்று. உடையப்பன் இன்னும் கொஞ்சம் கண்ணைத் திறந்தார். அவள் அடுத்த பூண்டை எடுத்தாள். அவளுக்குக் காய்ச்சலோ, சளியோ, அவள் மூக்கும் போய்விட்டதோ. ரிஃபாத் பாய் கல்லாவிலிருந்து எழுந்து நின்றார். இறக்கச் சொல்லிவிடலாமா என்று உடையப்பன் வாயைத் திறந்தார். எதை நம்பிச் சொல்வது என்று மூடினார். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. விரல் மட்டும் ஓடாமல் ஒரே பூண்டில் நின்றிருந்ததை அவர் பார்த்தார்.

அப்போது மெல்லியதாக, முடி பொசுங்குகிறாற்போல ஏதோ வந்தது. முதலில் அது ஒரு நினைப்பு என்றே நம்பினார். மறுபடி வந்தது. நெய்யும் அரிசியும் கருகிச் சேர்ந்து வருகிற, எந்த மாஸ்டரும் வாழ்க்கையில் வரவே கூடாது என்று வேண்டிக்கொள்கிற அந்த வாசம்.

"அடி பிடிச்சிருச்சு" என்றார் உடையப்பன். "பாய், அடி பிடிச்சிருச்சு."

கடன் வாங்கியவன் வீட்டில் லாட்டரி விழுந்த மாதிரி அவர் அதைச் சொன்னதாகப் பின்னால் ரிஃபாத் பாய் எல்லோரிடமும் குறைப்பட்டுக்கொண்டார். பாண்டிச்செல்வி எழுந்து மடியை உதறினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பூண்டு உரித்தால் கண் கரிக்காது என்பதைச் சமையல் தெரிந்த யாரும் அங்கே எடுத்துச் சொல்லவில்லை.

"அப்பவே எந்திரிச்சிருக்கலாம்ல" என்றார் அவர், அகப்பையால் அடியைச் சுரண்டிக்கொண்டே.

"நீங்களா மோந்து சொல்றீங்களான்னு பாத்தேன்."

மேலே இருந்த பிரியாணி தப்பியிருந்தது, பந்தி ஓடியது. அடியில் கருகியதை உடையப்பன் கொட்ட விடவில்லை. ஒரு தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, போகிற வருகிற நேரமெல்லாம் முகர்ந்து பார்த்தார். முதல் இலையில் கை வைத்த ரிஃபாத் பாய் மென்றுவிட்டு நிமிர்ந்தார்.

"மாஸ்டர், உப்பு பத்தல."

உடையப்பன் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். விரலோரம் தோல் லேசாகச் சுருங்கியிருந்தது.

"இனிமே ஒதறாம போடுங்க" என்றாள் பாண்டிச்செல்வி.