நான் வாசித்துக் காட்டிய கடிதம்

நான்கு வருடங்களுக்கு முன் நடந்தது இது. கணவருக்கு வேலை மாறியதால் டெக்சாஸிலிருந்து நியூ ஜெர்சியில் உள்ள பிளெய்ன்ஸ்பரோவுக்குக் குடிவந்த புதிது. பெரிய அபார்ட்மென்ட் வளாகத்தில் மாடி வீடு. மகளுக்கு ஏழு மாதம். மதியம் இரண்டு மணிக்குத்தான் அசந்து தூங்குவாள். எனக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் ஓய்வு.

சரியாக அப்போதுதான் கீழ் வீட்டில் டிவி அலறும். விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கில நாவல் ஒன்றைத் தொடராக எடுத்திருந்தார்கள். குதிரை வண்டிச் சத்தம், பியானோ, பெண்களின் அழுகை எல்லாம் மரத்தரை வழியாக மேலே ஏறி வரும். மகள் திடுக்கிட்டு விழித்து வீறிடுவாள்.

"நேரா போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாயேன். ஏன் டென்ஷன் ஆகறே?" என்றார் கணவர்.

ஈரோட்டுப் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு இங்கிலீஷில் பேசக் கூச்சம். வளாகத்து வீடுகளை வாடகைக்கு விடும் லீசிங் ஆபீஸுக்குப் புகார் எழுதி அனுப்பிவிட்டேன். யார் எழுதியது என்று சொல்ல மாட்டார்கள் என்பது வசதியாக இருந்தது.

நாலைந்து நாள் கழித்து தபால் எடுக்கக் கீழே இறங்கினேன். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அமெரிக்கப் பெண்மணி ஒருவர், ஒரு காகிதத்தை மூக்கில் இடிக்கிற அளவுக்கு நெருக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார். என் காலடி கேட்டுத் திரும்பினார்.

"எனக்குக் கண் சரியாத் தெரியாது. இதைக் கொஞ்சம் படிச்சுக் காட்ட முடியுமா?"

வாங்கிப் பார்த்தேன். கீழ் வீட்டு விலாசம். என் புகாரால் அவருக்கு வந்த எச்சரிக்கைக் கடிதம். இன்னொரு புகார் வந்தால் வீட்டைக் காலி செய்ய நேரிடும் என்பது கடைசி வரி. அத்தனையையும் என் வாயாலேயே வாசித்தேன்.

"பக்கத்து வீட்டுக்காரிதான் எழுதியிருப்பா. பத்து வருஷ சிநேகிதி. என் முகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாம்" என்றார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

வீடு வரை கைபிடித்து அழைத்துப்போனேன். உள்ளே துணி போட்டு மூடிய தையல் மிஷின். நாடகங்களுக்கு உடை தைத்தவராம். பார்வை மங்கிக்கொண்டே வர, வேலை போய்விட்டது. அந்தத் தொடரின் கதை அவருக்கு ஏற்கெனவே தெரியும். உடைகளுக்காகத்தான் போடுகிறார். ஆனால் படம் தெரியாதே! நடக்கும்போது பாவாடை உரசும் சத்தத்தை வைத்தே பட்டா, பருத்தியா என்று கண்டுபிடிப்பாராம். அதற்குத்தான் அத்தனை சத்தம்.

"நான் பார்த்துச் சொல்றேன்" என்று எப்படியோ என் வாயில் வந்துவிட்டது.

மறுநாள் முதல் இரண்டு மணிக்கு மகளைத் தோளில் போட்டுக்கொண்டு போவேன். சத்தத்தைக் குறைத்து வைப்போம், அவள் தூங்கிவிடுவாள். உடையின் கை எங்கே சுருங்குகிறது, முதுகில் எத்தனை பட்டன் என்று அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். எனக்குப் பாதிக்கு இங்கிலீஷ் வார்த்தை தெரியாது. ஒருநாள் என் துப்பட்டாவைச் சேலைக் கொசுவம் மாதிரி மடித்து அவர் கையில் வைத்தேன். தடவிப் பார்த்து, "ஆ! ப்ளீட்ஸ்!" என்று குழந்தை போலச் சிரித்தார்.

இரண்டு வாரம் போயிருக்கும். தொடர் ஓடிக்கொண்டிருந்தபோது அவர் வீட்டுக் காலிங் பெல் அடித்தது. பக்கத்து வீட்டுத் தோழி.

"நான் என்ன தப்பு பண்ணினேன்? அதையாவது சொல்லேன்" என்று வெளியிலிருந்து கெஞ்சினார்.

திறக்க வேண்டாம் என்று கீழ் வீட்டுப் பெண்மணி எனக்குக் கை காட்டினார். காலடிச் சத்தம் மெல்லத் திரும்பிப் போனது. டிவியில் ஒரு பெண் படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். என்ன உடை என்று அவர் கேட்கவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "அந்தப் புகார் நான் எழுதினது" என்றேன்.

ரிமோட்டைத் தடவி எடுத்து டிவியை அணைத்தார். "நீ கிளம்பலாம்" என்றார்.

அன்றைக்கே புகாரைத் திரும்பப் பெறுவதாக ஆபீஸுக்கு எழுதினேன். ஆறு நாள் கீழிருந்து ஒரு சத்தமும் இல்லை. மகள் நன்றாகத் தூங்கினாள். நான்தான் கண்ணை மூட முடியாமல் கிடந்தேன்.

ஏழாம் நாள் கதவைத் திறந்தால், தோழியின் முழங்கையைப் பிடித்தபடி அவர் நின்றிருந்தார். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது.

"இத்தனை நாளா நான்தான் டிவியைப் பார்த்துச் சொன்னேன். எந்த டிரஸ்ஸைப் பார்த்தாலும் 'அழகா இருக்கு'ன்னு மட்டும்தான் சொல்றேனாம். இவளுக்கு அது பத்தலையாம்" என்றார் தோழி.

"எனக்குக் கோபம் இன்னும் போகலை. ஆனா இன்னிக்குக் கல்யாண எபிசோட். குழந்தையை எடுத்துக்கிட்டு வா" என்றார் அவர்.

கோபமெல்லாம் தீர்ந்த பிறகுதான் ஒருவரை மன்னிக்க முடியும் என்று நினைத்திருந்த எனக்கு, கோபம் மனதில் இருக்கும்போதே, கண் தெரியாத நிலையிலும் பதினாறு படி ஏறி வந்து கூப்பிட ஒருவரால் முடியும் என்பது இன்றைக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.