சோற்று டப்பாவுக்குள் இருந்த நியாயம்

ஒரு பிளாஸ்டிக் சோற்று டப்பா. மூடியில் சிவப்பாக ஒரு குட்டி விளக்கு, பக்கத்தில் காலிங்பெல் சுவிட்ச், உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு மின்பலகை. ஆராய்ச்சி மேடத்தை நினைத்தால் இன்றும் அந்த டப்பாதான் முதலில் கண்ணுக்கு வருகிறது.

அவர் போடிப் பக்கம் ராசிங்காபுரத்துப் பெண். கண்ணில் பட்டதை மூளை கைக்குச் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று ஆராய்பவர். ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மலை வளைவுகளில் ஓடும் எங்களைப் போன்ற ஜீப் ஓட்டுநர்களைச் சோதிக்க, மலை உச்சியில் இருக்கும் போடிமெட்டு டீக்கடைக்கு வந்தார். லேப்டாப் திரையில் வெளிச்சம் வந்ததும் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினேன். "கை கொஞ்சம் மந்தமா இருக்கேண்ணே, பாத்து ஓட்டுங்க" என்றார். டீ குடித்துக்கொண்டிருந்த தோட்டத்துப் பெண்கள் காதில் அது விழுந்துவிட்டது. அப்புறம் கேட்கவா வேண்டும்? அன்று சாயங்காலமே என் வண்டியில் ஏற ஆளில்லை. "பிள்ளகுட்டிக்காரிக அண்ணே, கோவிச்சுக்கிறாதீக" என்று அடுத்த ஜீப்பில் ஏறிப் போனார்கள். மீசை நரைக்கும்வரை ஒரு கீறல் விழாமல் ஓட்டியவனுக்கு வயிறு எரியாதா? வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆனாலும் ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போதெல்லாம் என் கையை நானே சந்தேகப்பட்டேன். அதுதான் கொடுமை.

சில வாரம் கழித்து, ஒரு சாயங்காலம் அந்த டப்பாவோடு அதே கடைக்கு வந்து நின்றார். கீழே போடியில் சோதித்தவர்கள் எல்லாம் சுறுசுறுப்பு, மேலே மெட்டில் சோதித்தவர்கள் எல்லாம் மந்தம் என்று முடிவு வந்ததாம். சந்தேகப்பட்டுத் தன் கையையே சோதித்திருக்கிறார். மெட்டில் அவரும் மந்தம்! இங்கே கரண்டு இல்லாமல் பேட்டரியில் ஓடிய லேப்டாப், சார்ஜை மிச்சம் பிடிக்கிறேன் என்று சோம்பிக் கிடந்திருக்கிறது. வெளிநாட்டுக் கருவி வாங்க வசதியில்லை. கடைவீதியில் கிடைத்ததை வைத்து, விளக்கு எரியும் நேரத்தையும் சுவிட்ச் அமுங்கும் நேரத்தையும் இம்மி பிசகாமல் குறித்துக்கொள்ளும் டப்பாவைத் தானே செய்துவிட்டார்.

மறுபடி அமுக்கினேன். முடிவைப் பார்த்தவர், வண்டிக்குக் காத்திருந்த அந்தத் தோட்டத்துப் பெண்கள் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்: "அண்ணன் கை நல்லா வெரசா வேலை செய்யுது. எம் மிஷினுதான் மந்தம். தப்பு என்னோடது." மெட்டில் எடுத்த அளவையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டதாகவும் சொன்னார். படித்தவர் ஒருவர் தன் தப்பை இப்படி நாலு பேர் முன்னால் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை.

அப்போதும் பெண்கள் தயங்கினார்கள். மேடம் முதல் ஆளாக முன்சீட்டில் ஏறி, "போடியில இறக்கி விடுங்கண்ணே" என்றார். பின்னாலேயே அவர்களும் ஏறினார்கள். முதல் வளைவிலேயே மேடம் கம்பியை இறுகப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன மேடம், இன்னும் எங் கை மேல சந்தேகமா?"

"கை மேல இல்லண்ணே. பள்ளத்தப் பாத்தாத்தான் பயம்."

பின்னால் ஒரே சிரிப்பு. எனக்குக் கண் கலங்கிச் சாலையே மங்கலாகத் தெரிந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அத்தனை பேரும் குதித்து ஓடியிருப்பார்கள்.