மான்ட்ரியலில் மணி தேடிப் போன செப்டம்பர்

2006 செப்டம்பரில் நானும் என் மனைவி வசந்தாவும் கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் மூன்று வாரம் இருந்தோம். திரும்பி வந்ததிலிருந்து "நயாகரா பார்த்தீங்களா?" என்று கேட்காத ஆளில்லை. பார்க்கவில்லை. நாங்கள் போனது மணி பார்க்க. கழுத்தில் போடுகிற, துணியில் தைக்கிற பாசிமணிதான். "திருச்சி பெரிய கடைவீதியில கிடைக்காத மணியா சார்?" என்று அலுவலக நண்பர் ஒருவர் கேட்டே விட்டார்.

விஷயம் இதுதான். வசந்தா முப்பது வருஷமாக மணி கோப்பவள். வாசல் தோரணம், சுருக்குப் பை, ஆரத்தித் தட்டு என்று எங்கள் தெருவில் அவள் கோத்த மணி ஏறாத வீடு கிடையாது. அதிலும் கடுகைவிடக் கொஞ்சமே பெரிதான பொடிமணி என்றால் சோறு தண்ணி வேண்டாம். ஒருமுறை யாரோ கொடுத்த பழைய வெளிநாட்டுப் பத்திரிகையில், கனடாவின் பூர்வகுடிப் பெண்கள் கறுப்பு வெல்வெட்டில் பொடிமணி தைத்துச் செய்த தோள்பை ஒன்றின் படத்தைப் பார்த்தாள். நடுவில் ஒரு பெரிய பூ. அதன் இதழ் வளையும் இடத்தில் மணி வரிசை எப்படித் திரும்புகிறது என்பது படத்தில் தெரியவில்லை. அவளும் தைத்துப் பார்ப்பாள், முனைக்கு வந்ததும் துணி சுருங்கும், பிரித்துப் போடுவாள். அந்தப் பை மான்ட்ரியலில் ஓர் அருங்காட்சியகத்தில் இருப்பதாகப் படத்தின் கீழே போட்டிருந்தது.

2003-இல் எங்கள் மகன் முகிலன் அதே ஊருக்குப் படிக்கப் போனான். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. வந்து பார்த்துவிட்டுப் போம்மா என்று போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். மாடி கட்டி முடியட்டும் என்றேன் நான். பிறகு அவன் படிப்பு முடியட்டும் என்றேன். அப்புறம் நான் ஓய்வு பெறட்டும் என்றேன். ஓய்வு பெற்ற கையோடு, வசந்தாவின் கண்ணில் நீர் அழுத்தம் ஏறியிருப்பது தெரிய வந்தது. போன பார்வை போனதுதான், மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். மறுவாரமே விசாவுக்கு ஓடினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அவளே சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சென்னையிலிருந்து லண்டன் வழியாகப் பயணம். காத்திருப்பையும் சேர்த்து ஒரு முழு நாள் ஓடிவிடும். மகன் வீடு கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், விமான நிலையத்திலிருந்து டாக்ஸியில் அரை மணி நேரம், முப்பது டாலர் சொச்சம். அடுக்குமாடி வீடுகள், எதிரே மாணவர்கள் கூட்டம், கீழேயே மெட்ரோ. அங்கிருந்து நகரின் நடுவுக்குப் போக இரண்டு இடத்தில் வண்டி மாற வேண்டும். நாற்பது நிமிடம் ஆகும். டிக்கெட் இரண்டரை டாலர். ஆறு டிக்கெட்டாகச் சேர்த்து வாங்கினால் மலிவு.

களைப்பு தெளிந்த மூன்றாம் நாளே அருங்காட்சியகத்துக்குப் போனோம். காலை பத்து மணிக்குக் கதவு திறந்ததும் உள்ளே நுழைந்தவர்கள் நாங்கள்தான். வெள்ளிக் காப்பு, சிப்பிமணிப் பட்டை, எலும்பு மணி என்று ஒவ்வொரு கூடமாகக் கடந்து கடைசிக் கூடத்தில் அந்தப் பையைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தது நான். வசந்தா பக்கத்தில் நின்று "எங்கங்க?" என்று கேட்டாள்.

சாயங்காலம் விளக்கு வைக்காத வீடு போலக் கிடந்தது அந்தக் கூடம். எனக்கே கண் பழகச் சற்று நேரம் பிடித்தது. அவள் கண்ணாடிப் பெட்டிக்கு மூக்கை ஒட்ட வைத்துப் பார்த்தாள். இடப்பக்கம் போய்ப் பார்த்தாள், வலப்பக்கம் போய்ப் பார்த்தாள். "கறுப்பா ஏதோ இருக்கு" என்றாள்.

"இந்த லைட்டைக் கொஞ்சம் கூட்டினால் என்ன கேடு?" என்று நான் வாய்விட்டே திட்டிவிட்டேன். மூலையில் நின்ற காவலர் நேரே எங்களிடம் வந்தார். வெளியே போகச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"அண்ணை, நீங்கள் இந்தியாவே?" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர். நாற்பது வயதிருக்கும், பெயர் அன்ரன். "வெளிச்சம் கூட்டேலாது அண்ணை. வெளிச்சம் பட்டா நிறம் மங்கிப் போயிடுமாம். உந்தத் துணிச் சாமான் எல்லாத்துக்கும் இஞ்சை உப்பிடித்தான்."

வசந்தாவின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். என்னிடம் ஒரு சின்ன டார்ச் இருக்கிறது, ஒரே ஒரு நிமிடம், என்று கெஞ்சினேன்.

"ஐயோ அண்ணை, டோர்ச் அடிச்சா என்ரை வேலை போயிடும்." அவர் முகம் வாடிவிட்டது. படம் எடுக்கவும் அனுமதி இல்லை. பிறகு அவரே, "அக்கா, என்ன பாக்க வேணும் எண்டு கேளுங்கோ. நாங்கள் பாத்துச் சொல்லுறம்" என்றார்.

"இதழ் முனையில மணி வரிசை வளைஞ்சு திரும்புதா, இல்ல அங்கேயே நின்னு புதுசா ஆரம்பிக்குதா?"

நான் குனிந்து பார்த்தேன். நின்றுவிடுகிறது என்றேன். "இல்லை அண்ணை, வளைஞ்செல்லோ போகுது" என்றார் அன்ரன். நான் காட்டியது ஓர் இதழை, அவர் பார்த்தது வேறோர் இதழை. மறுபடி பார்த்ததில் எனக்கு வளைவது போலவும் அவருக்கு நிற்பது போலவும் தெரிந்தது. நிறத்தைக் கேட்டாள். நான் ரோஜா நிறம் என்றேன், அவர் சிவப்பென்றார்.

"தினம் இங்கதானே தம்பி நிக்கறீங்க?" என்றாள் வசந்தா.

"ஓம் அக்கா, மூண்டு வருசமா நிக்கிறன். உண்மையைச் சொன்னா, உதை ஒருநாளும் வடிவாப் பாக்கேல்லை. ஆக்கள் கண்ணாடியிலை கை வைக்கினமோ எண்டுதான் பாக்கிறனான்."

வசந்தா சிரித்துவிட்டாள். "நல்ல ஆளுங்க ரெண்டு பேரும். சரி விடுங்க" என்று சொல்லிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். கீழே கடையில் அஞ்சலட்டைகளைப் புரட்டினேன். படகு இருந்தது, கரடி இருந்தது, அந்தப் பை இல்லை. அவ்வளவு தூரம் பறந்து போய் வெறுங்கையோடு படியிறங்கியது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

சந்தைக்காவது கூட்டிப் போவோம் என்று மறுநாள் ஜான்-டலோன் போனோம். வீட்டருகே ஏறினால் வண்டி மாறாமல் போகலாம். மணி வாங்க நினைப்பவர்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். அது காய்கறிச் சந்தை. அங்கே சரம் சரமாகத் தொங்கியது பூண்டும் மிளகாயும்தான். தக்காளி அருமையாக இருந்தது, வாங்கி வந்து ரசம் வைத்தோம்.

மணிக்கு ஏற்ற இடம், வெயில் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் நடுவே உள்ள மலையின் அடிவாரப் பூங்கா. அங்கே இளைஞர்கள் கூடி மேளம் அடிக்கிறார்கள், சுற்றிலும் புல்லில் துணி விரித்து மணிமாலை விற்கிறார்கள். மதியம் ஒரு மணிக்கு மேல் போங்கள். குடை, குடிநீர், சில்லறை மூன்றும் அவசியம். மாலை ஒன்று ஐந்து டாலரிலிருந்து கிடைக்கும். மேளச் சத்தத்துக்குப் பயப்படாதவர்களாக இருக்க வேண்டும்.

நாங்கள் போன அன்று நல்ல வெயில். ஒரு பெண் கண்ணாடிக் குழாய்களில் பொடிமணியை நிறம் நிறமாக நிரப்பி வைத்திருந்தாள். வசந்தா ஒரு குழாயை வாங்கிச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "மணல் மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள். பிறகு துணியின் ஓரத்தில் கிடந்த மஞ்சள் மரமணிகளைக் கை நிறைய அள்ளினாள். ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவு. குழந்தைகள் விளையாட வாங்குவது. திருச்சியில் யாராவது இதைக் கொடுத்திருந்தால் மாட்டுக்குக் கட்டவா என்று கேட்டிருப்பாள்.

"இது எதுக்கு வசந்தா?"

"கோக்கத்தான். இதுலதான் எனக்கு ஓட்டை தெரியுது."

நான் அந்தப் பெண்ணிடம் பேரம் பேசாமல் பணத்தைக் கொடுத்தேன்.

அருங்காட்சியகம் போகிறவர்களுக்கு ஒன்று: துணி, தோல், மணி வேலைப்பாடு எல்லாமே மங்கிய வெளிச்சத்தில்தான் இருக்கும், எந்த ஊரானாலும். வயதானவர்களை அழைத்துப் போனால் முன்கூட்டியே கடிதம் போட்டு விசாரித்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர்கள் நல்லவர்கள், ஆனால் கடைசி நிமிடத்தில் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று, எந்த மாதம் போகலாம் என்று பலர் கேட்கிறார்கள். குளிரும் இருக்காது, கூட்டமும் இருக்காது, செப்டம்பர்தான் நல்லது. நாங்களும் செப்டம்பரில்தான் போனோம். மாதம் சரி. வருஷம்தான் தப்பு.